எஞ்சினிலிருந்து மூன்றாவது பெட்டி

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு நான் வந்து ஆறு வருடம் ஆகிறது. சொந்த ஊர் திருப்பத்தூர், வயது நாற்பத்து மூன்று, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, பி.ஜி. விடுதியில் தனி அறை. அங்கே உள்ள மற்ற பெண்களுக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது. "ஆன்ட்டி, பாத்ரூம் ஃப்ரீயா?" என்று கேட்பதோடு எங்கள் உறவு முடிந்துவிடும். ஆபீஸ் வேலையும் வாரத்தில் மூன்று நாள் அறையிலிருந்தேதான். போன மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் டீக்கடையில் "சக்கரை கம்மி" என்று சொன்னபோது குரல் கரகரவென்று வந்தது. காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

அந்த வாரமே ஒரு தன்னார்வக் குழுவில் பெயர் கொடுத்தேன். வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிற சின்னக் குழு அது. அவர்கள் நடத்தும் வகுப்புகளில் ஒன்று ஓடும் ரயிலில் நடக்கிறது. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர்களுக்கு, போக இரண்டே கால் மணி நேரம், வர இரண்டே கால் மணி நேரம் ரயிலிலேயே கழிகிறது. வீட்டுக்குப் போனால் சமையல், விடிந்தால் ரயில். படிக்க வேறு எங்கே நேரம் இருக்கிறது? அதனால்தான் ரயில் வகுப்பு. இதேபோல் போய்ச் சொல்லித்தர நினைக்கிறவர்களுக்காகத்தான் வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் செய்த தவறுகளையும் சேர்த்து.

குழுவைக் கவனித்துக்கொள்ளும் சேவியர் ஃபோனில் நிலைமையை மறைக்காமல் சொன்னார். "மேடம், எட்டுப் பேரோட ஆரம்பிச்ச கிளாஸ் அது. இப்ப ஒரே ஒருத்தவங்கதான். விக்டோரியான்னு பேரு, ஆஸ்பத்திரில ஆயா வேலை. ரெண்டு டீச்சர் பாதில விட்டுட்டு போயிட்டாங்க. இந்த வெள்ளிக்கிழமையும் யாரும் வரலேன்னா நோட்ட மூடிடறேன்னு அவங்க சொல்லிட்டாங்க. நீங்க கண்டிப்பா வரீங்கதானே?" கண்டிப்பாக வருகிறேன் என்றேன். எஞ்சினிலிருந்து மூன்றாவது பெட்டி, விக்டோரியா வழக்கமாக உட்காருவது அங்கேதான் என்று சொல்லி, அவருடைய ஃபோன் எண்ணையும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். 3.50க்குப் பி.ஜி. வாசலில் ஆட்டோ. மெட்ரோ ஸ்டேஷன் ஒன்றரைக் கிலோமீட்டர்தான், ஆனால் ஆட்டோக்காரர் எழுபது கேட்டார், ஐம்பதுக்கு இறங்கினார். "இன்னா மேடம், பை இவ்ளோ வெயிட்டு? ஊருக்கா?" என்றார். இல்லை, பாடம் சொல்லித்தரப் போகிறேன் என்றேன். "ஒள்ளேது, ஒள்ளேது, நல்ல காரியம். என் வூட்டுக்காரிக்கும் சொல்லிக் குடுங்க, மீட்டர்ல எவ்ளோ வந்துச்சுன்னு தினம் என்னாண்ட கேக்குறா" என்று சிரித்தார். அன்றைக்கு என்னிடம் சிரித்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். இறங்கும்போது அறுபதாகக் கொடுத்தேன்.

பொம்மசந்திராவிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக்கில் இறங்கும்போது 5.15. டிக்கெட் 80 ரூபாய். அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. பாதி வழியில் இருக்கும் மாலூர் வரை போய்த் திரும்புவது என் திட்டம், அதுவரைக்கும் ரயில் டிக்கெட் 10 ரூபாய். சுமார் 43 கிலோமீட்டர் தூரத்துக்குப் பத்து ரூபாய்! மெஜஸ்டிக்கில் ஒரு காபியே இருபது.

தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயில் 5.40க்கே நடைமேடையில் நின்றிருந்தது. எஞ்சினைத் தேடிப் போய், அங்கிருந்து விரல் விட்டு எண்ணி, மூன்றாவது பெட்டியில் ஏறினேன். ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் பையை வைத்து விக்டோரியாவுக்கு. பையில் இருநூறு பக்க நோட்டு, பென்சில்கள், அட்டையில் பெரிதாக நானே எழுதிய எழுத்துகள், ஒரு பாக்கெட் பிஸ்கட். இரண்டு இரவு உட்கார்ந்து தயாரித்தவை. இந்த வழியில் ரயில் நிலையப் பலகைகளில் கன்னடம், இந்தி, ஆங்கிலம் மூன்றும் உண்டு, தமிழ் கிடையாது. தமிழ் படிக்கிறவர் வெளியே பார்த்துப் பழகுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால் அட்டைகள் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

ஆறு மணிக்குப் பெட்டி நிரம்பத் தொடங்கியது. இந்த ரயிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிரந்தரச் சொந்தக்காரர் இருக்கிறார். என் ஜன்னலோரம் யாரோ ராஜம்மாவுடையதாம். "அவுங்க கண்ட்டோன்மென்ட்ல ஏறுவாங்க, அதுவரைக்கும் குந்துங்க" என்று எதிரில் இருந்த பெண்மணி அனுமதி கொடுத்தார். பிறகு பையைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"ஒருத்தவங்க வராங்க."

"யாரு?"

"விக்டோரியான்னு."

அவர் உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பெட்டியில் யாருக்கும் விக்டோரியாவைத் தெரியவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆயிரம் வரி கம்ப்யூட்டர் நிரலில் ஒரு புள்ளி தப்பாக இருந்தால் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. இது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

6.20க்கு வண்டி கிளம்பியது. விக்டோரியா வரவில்லை. இரண்டு முறை அழைத்தேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கண்ட்டோன்மென்ட்டில் ராஜம்மா ஏறினார், நான் ஜன்னலை ஒப்படைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்து, பையை மடியில் பாதி, இருக்கையில் பாதியாக வைத்துக்கொண்டேன். 6.35க்கு வாட்ஸாப்பில் எழுதினேன்: "அக்கா, நான் வந்துவிட்டேன். மூன்றாவது பெட்டி. தனியாக உட்கார்ந்திருக்கிறேன்."

எழுதப் படிக்கத் தெரியாததால்தான் ஒருவருக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறேன். அவருக்கே எழுத்தில் செய்தி அனுப்புகிறேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் கோபம் வருகிறது. குரல் பதிவு அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தோன்றவே இல்லை. நான் யாருடனும் பேசுவதில்லை, தட்டச்சுதான் செய்கிறேன். அந்தப் பழக்கம் விரல் வரைக்கும் இறங்கியிருக்கிறது.

6.44க்கு, பையப்பனஹள்ளி தாண்டியதும், இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பார்த்துவிட்டார். பதில் இல்லை.

ஐந்து நிமிடம் பார்த்தேன். திரை அணைய அணையத் தட்டித் தட்டிப் பார்த்தேன். என்னைச் சுற்றி அந்தப் பெட்டி முழுக்க ஒரு குடும்பமாக இருந்தது. ஒருவர் பட்டாணி சுண்டலைத் தாளில் மடித்து எல்லோருக்கும் நீட்டினார். இரண்டு பேர் யாருடைய மகளின் வளைகாப்புக்கோ சேலை நிறம் முடிவு செய்தார்கள். சுண்டல் என்னைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. வேண்டுமென்றே செய்ததாக நான் சொல்லவில்லை. அவர்களுடைய எண்ணிக்கையில் நான் இல்லை, அவ்வளவுதான். கே.ஆர். புரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறினார். பையை முழுக்க மடியில் எடுத்துக்கொண்டேன்.

அழுகை வந்தது. அரை நாள் லீவு, அட்டைகள், பிஸ்கட் எல்லாம் கண் முன்னால் வந்தன. பார்த்தும் பதில் சொல்லாதவருக்காகவா இவ்வளவும் என்று நினைத்தேன். ஹூடியில் வண்டி நின்றபோது சேவியருக்கு எழுதி அனுப்பியே விட்டேன்: "மன்னிக்கவும். அவர் வரவில்லை. எனக்கு இது சரிப்படாது." உடனே பதில் வந்தது: "சரி மேடம்." கூடவே ஒரு கட்டைவிரல். இரண்டு டீச்சர் போனார்கள், மூன்றாவது ஆளும் போனாள் என்று அவருக்குப் பழகியிருக்கும்.

ஒயிட்ஃபீல்டு 7.10. பாதிப் பெட்டி இறங்கியது. நானும் இங்கேயே இறங்கி மெட்ரோ பிடிக்கலாம் என்று எழுந்தபோது, நடைமேடையில் ஒரு அம்மா ஓடிவருவது தெரிந்தது. நீல நிற யூனிஃபார்ம் சேலை, கையில் ஃபோன், ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பார்த்து, "மிஸ்! மூணாவது பொட்டி மிஸ்!" என்று கத்திக்கொண்டு வந்தார்.

நான் கையைத் தூக்கினேன். வண்டி நகரும்போது ஏறி, என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு முதலில் அவர் சொன்னது: "காலைல இது பின்னாடி பொட்டி மிஸ்."

காலையில் பெங்களூருக்கு வரும்போது எஞ்சினிலிருந்து மூன்றாவது பெட்டிதான் அவர்களுடையது. சாயங்காலம் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிவிடுவார்கள். அப்போது அதே பெட்டி கடைசியிலிருந்து மூன்றாவதாகிவிடும். "சேவியர் சாரு காலைல மட்டுந்தான் வந்து பாத்தாரு. அவருக்கு சாயந்தர வண்டி தெரியாது" என்றார் விக்டோரியா. பெட்டிக்குப் பெட்டி உள்ளே நடந்து வர அந்தக் கூட்டத்தில் முடியாது. அதனால், நான் எஞ்சின் பக்கம் இருப்பேன் என்று ஊகித்து, கே.ஆர். புரத்தில் இறங்கி ஓடி மூன்று பெட்டி தாண்டி ஏறியிருக்கிறார். ஹூடியில் மறுபடி இறங்கி மூன்று பெட்டி. ஒயிட்ஃபீல்டில் மிச்சம்.

"ஃபோனை எடுத்திருக்கலாமே அக்கா?"

"வார்டுல சைலன்ட்ல போட்டது, எடுக்க மறந்துட்டேன். பாத்தா உங்க மெசேஜு. பக்கத்து சீட்டு லில்லி, குடு நான் படிச்சி சொல்றேன்னா. நான் குடுக்கல."

"ஏன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எம்பொண்ணு குவைத்துல கீது மிஸ். ரூம்ல ஆறு பேரு, அதனால பேசாது, எழுதித்தான் அனுப்பும். தமிழ் மீடியம் படிச்ச பொண்ணு, நல்லா எழுதும். அத்த தினம் லில்லி படிப்பா. மொத்தப் பொட்டியும் கேக்கும். அது அழுதா, அதுவும் எல்லாருக்கும் தெரியும். அதுக்கோசரந்தான் நான் படிக்கவே வந்தது. உங்க மெசேஜயும் அவகிட்ட குடுத்துட்டா நான் இன்னாத்துக்கு நோட்டு வாங்கினேன்?"

ஃபோனைத் திறந்து, திரையில் விரல் வைத்து, எனக்கு வாசித்துக் காட்டினார். "அக்... கா. நான்... வந்து... விட்... டேன்." மூச்சு. "மூன்... றா... வது... பெட்... டி." பிறகு வெகு நேரம் விரல் நகரவில்லை. "த... னி... யா... க." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இங்க வந்ததும் நிறுத்திட்டேன் மிஸ். மிச்சத்த படிக்கல. ஃபோன் பண்ணக்கூட தோணல, எந்திரிச்சி ஓடியாந்துட்டேன்."

பிஸ்கட்டைப் பிரித்தேன். அட்டைகளை எடுத்தேன். ஒயிட்ஃபீல்டிலிருந்து மாலூர் வரை 19 கிலோமீட்டர், 24 நிமிடம். "உட்கார்ந்திருக்கிறேன்" என்ற வார்த்தை முழுவதையும் அதற்குள் முடித்தோம். ராஜம்மாவும் எட்டிப் பார்த்து ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். மாலூரில் நான் இறங்கும்போது, "அடுத்த வெள்ளி வருவீங்களா?" என்று விக்டோரியா கேட்கவில்லை. முன்பு வந்த டீச்சர்களிடம் கேட்டு ஏமாந்திருப்பார் போல. நோட்டை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். வருகிறேன் என்று நானாகச் சொன்னேன். அந்த நடைமேடையிலேயே சேவியருக்கும் எழுதினேன். அதற்கும் ஒரு கட்டைவிரல்.

திரும்பி வர மாலூரில் 7.58க்கு பெங்களூர் ரயில், ஒயிட்ஃபீல்டு வரை 10 ரூபாய். அங்கிருந்து மெட்ரோவில் 90 ரூபாய், இரண்டு முறை மாற வேண்டும். பி.ஜி. வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. யாரும் எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. ஆட்டோவையும் சேர்த்து மொத்தச் செலவு 250 ரூபாய்.

போக நினைக்கிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். ரயில் நேரம் மாறும், கிளம்பும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் என்றால் கடைசியிலிருந்து எண்ணுங்கள். முடியாது என்று தோன்றினால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதியில் விடாதீர்கள். ஒருவர் நோட்டை மூடிவிட்டால் மறுபடி திறக்க வைப்பது லேசில்லை. பிஸ்கட் இரண்டு பாக்கெட்டாக எடுத்துப் போங்கள், பெட்டிக்கே கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடாதவர்மேல் அவசரப்பட்டுக் கோபப்படாதீர்கள். அவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கலாம்.

இத்தனை சொன்னதால் என் தனிமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். சனிக்கிழமை காலையும் அதே அறை, அதே மேசை. எட்டரைக்கு ஃபோன் அதிர்ந்தது. விக்டோரியாவிடமிருந்து, எழுத்தில்: "மிஸ் வீடு வந்துடிங்கலா".

நான் வந்து பத்து மணி நேரம் ஆகியிருந்தது. எப்போது எழுத ஆரம்பித்தாரோ தெரியாது. ஆறு வருடத்தில் இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. தட்டச்சு செய்ய விரல் போனது. நிறுத்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஃபோன் போட்டேன்.

"வந்துட்டேங்க்கா" என்றேன். குரல் கரகரக்கத்தான் செய்தது.