மதினியின் மண்டையோட்டுப் பாட்டு

அண்ணன் வீட்டு வாசல் கதவு கடற்காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, அதன் அடியில் ஒரு மிதிகட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கறுப்பு பிளாஸ்டிக். நடுவில் மட்டும் குறுக்கே நீல நிறத்தில் தடித்த ஒட்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பழைய தையல் மிஷினின் பாகம் என்று நினைப்பார்கள். கார் பிரேக் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். நான் யாரையும் திருத்துவதில்லை. அடுத்தவர் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்கும் ஆசையில் பேசாமல் இருந்துவிடுவேன். ஒரு விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று அம்மா சொல்வாள், அது பொய்யில்லை. அந்த மிதிகட்டை ஒரு வீடியோ கேமோடு வந்த டிரம்ஸ் செட்டைச் சேர்ந்தது. அதை மிதித்தே இரண்டாக உடைத்தவள் என் மதினி.

அண்ணன் சரக்குக் கப்பலில் இருந்தான். ஒரு தடவை ஏறினால் வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில்தான். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை ஊருக்கு வந்தபோது சிங்கப்பூரில் வாங்கியது என்று பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாங்கள் மிக்ஸி என்று நினைத்தோம். உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு வட்டத் தட்டுகள், இரண்டு குச்சிகள், கீழே காலுக்கு ஒரு மிதிகட்டை. டிவியில் ஒரு பாட்டு ஓடும். திரையில் மேலிருந்து நிறநிறமான கட்டங்கள் இறங்கி வரும். அவை அடிக்கோட்டைத் தொடும்போது அந்தந்த நிறத்துத் தட்டை அடிக்க வேண்டும். குறுக்கே ஒரு பட்டை வந்தால் மிதிக்க வேண்டும். தப்பு கூடிக்கொண்டே போனால், திரையில் நிற்கும் கூட்டம் கூச்சல் போட, பாட்டு பாதியில் நின்றுவிடும். பாட்டுகளை எளிதிலிருந்து கடினம் வரை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கடைசிப் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மண்டையோடு. ஆங்கிலத்தில் அதற்கு நீளமாக ஏதோ பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அது மண்டையோட்டுப் பாட்டுதான்.

அண்ணன் டிவியோடு ஒட்டி உட்கார்ந்து, தனக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில் இரண்டு நாள் அடித்தான், மூன்றாவது பாட்டிலேயே கூட்டம் அவனைக் கூச்சல் போட்டு விரட்டியது. அத்தோடு குச்சியைக் கீழே வைத்துவிட்டான். மதினி அதையெல்லாம் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சாயர்புரத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் வாத்தியார்கள். இன்னும் ஒரே ஒரு தடவைதான் கப்பல், பிறகு கரையிலேயே வேலை என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். அந்த ஒரு தடவை முடிந்து அடுத்ததற்கும் அண்ணன் பெட்டி கட்டியபோது, அவள் சண்டை போடவில்லை. "இதுக்கு ஒரு முடிவே கெடையாதா?" என்று மட்டும் கேட்டாள். அவன் எதையும் விளையாட்டாக்கித் தப்பிக்கிற ஆள். டிரம்ஸைக் காட்டிச் சொன்னான்: "நான் திரும்பி வாரதுக்குள்ள இந்த மண்டையோட்ட முடிச்சிரு. அதுக்கப்புறம் கப்பல் ஏற மாட்டேன். சத்தியம்." யாராலும் முடியாது என்ற தைரியத்தில் சொன்ன சத்தியம் அது. மதினி சிரிக்கவில்லை. "ஏளா, நீதான் சாட்சி" என்று நாத்தனாரான என்னைப் பார்த்துச் சொன்னாள்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் சத்தமே ஆகாது, அண்ணன் அடித்த அந்த மெல்லிய சத்தத்துக்கே அப்பா காதைப் பொத்தினார். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுசெல்லாம் இரும்போடு இரும்பு மோதுகிற சத்தத்தில் கிடந்ததால் காது கெட்டுப்போயிருந்தது. கேட்காது என்றில்லை, கொஞ்சம் பலமாகக் கேட்டாலே வலிக்கும். "காதுக்குள்ள எந்நேரமும் ஒரு கப்பல் ஹாரன் அடிச்சிக்கிட்டே நிக்கி" என்பார். நாங்கள் டிவி சீரியலை வாயசைவை வைத்தே புரிந்துகொள்ளப் பழகியிருந்தோம். குக்கர் விசில் வரும் முன்பே அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். மதினி சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். அந்தப் பிள்ளைகள் வாய்ப்பாட்டைக்கூட உதட்டால்தான் சொல்லும். ஒரு அறை நிறையப் பிள்ளைகள் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு அக்கா "என்ன, உங்க வீட்டுல மீன் வளக்கீங்களா?" என்று கேட்டாள்.

அந்த டிவியில் ஹெட்போன் மாட்டவும் வழியில்லை. அதனால் மதினி மொத்தப் பழக்கத்தையும் டிவியின் சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தாள். தட்டுகளின் மேல் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டினாள். குச்சி படும்போது லேசாகத் தப்தப் என்று கேட்கும், அவ்வளவுதான். டிரம்ஸ் என்றால் சத்தம். சத்தத்தைக் கழித்துவிட்டால் அதில் மிச்சம் என்ன இருக்கும்? எனக்கு இது பெரிய விசித்திரமாக இருந்தது. கல்லூரியிலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். பாட்டே கேட்காமல் எப்படி அடிக்கிறாள்? கண்ணை மட்டும் நம்பினால் கை பிந்திவிடும் என்பது நான் முயற்சி செய்து கண்டது. அவள் கை பிந்தவில்லை. அதைவிட என்னை அரித்தது அவளுடைய உதடு. அடிக்கத் தொடங்கியதும் அது எதையோ முணுமுணுக்கும். "ஜெபம் பண்ணிக்கிட்டே அடிக்கா, பாவம்" என்றாள் அம்மா. கேட்டால் மதினி, "உனக்கு வேற சோலியே கெடையாதா?" என்று விரட்டிவிடுவாள்.

எந்தப் பாட்டு கடினம் என்பதில் அவளுக்கும் கேமுக்கும் ஒத்துப்போகவில்லை. வேகமான பாட்டுகளுக்கு அவள் பயப்படவில்லை. "வெரசா வாரது நம்மள யோசிக்க விடாது, கை தன்னால போயிரும். நின்னு நின்னு வாரதுதான் ஏமாத்தும்" என்பாள். மண்டையோட்டுப் பாட்டில் இரண்டும் இருந்தன. மழை மாதிரி கொட்டும். திடீரென்று திரை வெறுமையாகிவிடும். வெறுமை எப்போது முடியும் என்று தெரியாது. கை நான்கு நிறத்திலும் ஓடிக்கொண்டிருக்க, கால் தனியாக வேறொரு கணக்கில் மிதிக்க வேண்டும். தையல் மிஷின் பழகிய கால் அவளுக்கு. குதிகாலையும் சேர்த்து அழுத்துவாள். அப்படித்தான் ஒரு நாள் மிதிகட்டை சடக்கென்று உடைந்தது. இந்த ஊரில் அதற்கு யாரிடம் போவது? திரேஸ்புரத்தில் ஃபைபர் மீன்பிடி வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிற அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏளா, இது எந்த வள்ளத்துச் சாமான்?"

"வள்ளம் இல்ல அண்ணாச்சி. டிவியப் பாத்து டிரம்ஸ் அடிக்கது. எங்க மதினி மிதிச்சு ஒடஞ்சிட்டு."

"டிவி பாக்கதுக்கு இம்புட்டு கோவமா?" என்றார். வள்ளத்துக்குப் போடுகிற அதே பசையும் கண்ணாடி நார்த் துணியும் வைத்து ஒட்டி, மிச்சமிருந்த நீலப் பெயின்ட்டையும் அடித்துக் கொடுத்தார். கொந்தளிப்பில் போனாலும் இனி உடையாது என்றார். அவர் சொன்னபடியே இன்றுவரை உடையவில்லை.

அண்ணன் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு மத்தியானம் அது நடந்தது. அப்பா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மதினி அடித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் நிற்கிற இடத்தைப் பாட்டு தாண்டிவிட்டதைக் கவனித்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மழை, வெறுமை, மறுபடி மழை. கடைசிக் கட்டம் கோட்டைத் தொட்டது. திரையில் பொம்மைக் கூட்டம் கையைத் தூக்கிக் குதித்தது. மதினி குச்சியை இறக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏளா, முடிஞ்சிட்டுதா?" பாட்டு கேட்காதவளுக்கு அது முடிந்ததே நிச்சயமில்லை. நான் தலையாட்டினேன். அம்மாவும் வந்து சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு சத்தம் வராமல் குதித்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சந்தோஷத்தை அவ்வளவு மெதுவாகக் கொண்டாடியதில்லை.

அண்ணன் வந்தான். கேமில் பதிவாகியிருந்த மதிப்பெண்ணைப் பார்த்தான். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு குச்சி பிடிச்சிருப்பீய" என்றான். என் சாட்சி செல்லவில்லை. நான் அவள் கட்சியாம். அப்படியானால் கண் முன்னால் அடிக்கட்டும் என்று நானே வாய் கொடுத்தேன். அவன் ரிமோட்டை எடுத்து முதல் வேலையாகச் சத்தத்தைக் கூட்டினான். சத்தம் வேண்டாம் என்று நான் தடுத்தேன். "சத்தம் இல்லாம அடிச்சா அது என்னளா பாட்டு? வெறும் படம் பாக்கதுலா" என்றான். அப்பா எழுந்து செருப்பைப் போட்டார். "ஒரு பாட்டுதான, போடு. நான் தெருமுன வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அவருக்கும் மகன் கரையில் இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அன்றுதான் எனக்கு அது தெரிந்தது.

அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு பாட்டு முழுச் சத்தத்தில் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்தினான். மதினி முதல் பாதியைச் சுத்தமாக அடித்தாள். பிறகு அவன் நீளமாக ஒரு கத்துக் கத்தினான். அவளுடைய உதடு நின்றது. உதடு நின்றதும் கை நின்றது. கை நின்றதும் கால் எங்கோ மிதித்தது. கூட்டத்தின் கூச்சலை நாங்கள் அன்றுதான் காதால் கேட்டோம். அவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "முக்காவாசி வந்துட்டியே, பரவால்ல" என்று அண்ணன் கை தட்டினான். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அடுத்த கப்பலுக்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தான் என்பது பிறகுதான் வெளியே வந்தது.

மதினி அடுக்களையில் நின்று அழுதாள். நானும் அழுதேன். ஆனால் நான் யார்? மூக்கை நுழைக்கிறவள் ஆயிற்றே. அழுகைக்கு நடுவிலும் கேட்டுவிட்டேன்: "மதினி, அப்படி என்னதான் சொல்லிக்கிட்டே அடிப்பீங்க?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வாய்ப்பாடு."

லேசான பாட்டுகளுக்கு இரண்டாம் வாய்ப்பாடு, மூன்றாம் வாய்ப்பாடு. மண்டையோட்டின் மழைக்கு எட்டாம் வாய்ப்பாடு. ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு என்று ஒவ்வொரு வரியிலும் கை எங்கே, கால் எங்கே என்று அவள் பிரித்து வைத்திருந்தாள். திரை வெறுமையாகும்போது பதினாறாம் வாய்ப்பாடு. அது முடிகிற இடத்தில் வெறுமையும் முடியும். மாசக்கணக்கில் எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு ஓடவே இல்லை, சாயர்புரத்துப் பள்ளிக்கூடம்தான் ஓடியிருக்கிறது. "அந்தாளு கத்துன கத்துல ஏழெட்டு எவ்வளவுன்னே மறந்துட்டுளா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. பிறகு மறுபடி அழுதாள். அண்ணனிடம் இதைச் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் ஒரு தடவை அடித்துக் காட்டலாமே என்றேன். மாட்டேன் என்றாள். "முடிச்சேன்னு சொன்னேன். நம்பல. இனி என்னத்தக் காட்ட?"

அண்ணன் கப்பல் ஏறினான். எல்லாவற்றையும் அவனிடம் நான்தான் கொட்டினேன், ரயில் நிலையத்தில், ரயில் நகரும் வரைக்கும். வாய்ப்பாட்டுக் கதையைக் கேட்டு அவன் சிரித்ததுதான் மிச்சம். மதினி குச்சிகளைப் பீரோ மேல் போட்டுவிட்டாள். டியூஷன் பிள்ளைகள் எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லும்போது மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

சில மாதம் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது. மதினி எடுத்தாள். நான் வழக்கம்போல அவள் தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டு காதை வைத்தேன். கப்பலில் சாப்பாட்டு அறையில் எலக்ட்ரீசியன் ஒருவன் இதே டிரம்ஸ் வைத்திருக்கிறானாம். ஆட்கள் எல்லாரும் அதிலேயே கிடக்கிறார்களாம். அதையெல்லாம் சொல்லிவிட்டு அண்ணன் விஷயத்துக்கு வந்தான். "சத்தத்த நிறுத்திட்டு அடிச்சுப் பாத்தேன். மண்டையோடு இல்ல, மொதப் பாட்டு. முடியல. நல்லா அடிக்கவன்லாம் வந்து பாத்தான், ஒருத்தனாலயும் முடியல." கடல் இரைச்சலுக்கு நடுவில் மறுபடி அவன் குரல் வந்தது: "நீ முடிச்சது நெசந்தான்."

மதினி ஒரு விளக்கமும் கேட்கவில்லை. "அப்ப எப்ப வாரீய?" என்றாள்.

அந்தத் தடவை வந்தவன் பிறகு போகவில்லை. துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுத்துவரும் சின்ன இழுவைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். கரை வேலை என்று இதைச் சொல்ல முடியுமா என்று மதினி கேட்டாள். தினமும் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தால் அது கரை வேலைதான் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அப்பா இப்போது இல்லை. வீட்டில் டிவி எல்லார் வீட்டையும் போலக் கத்துகிறது. கேம் மெஷின் எப்போதோ செத்துவிட்டது. போன வாரம் நெட்டில் தேடினேன்: டிரம்ஸில் ரொம்பக் கடினமான பாட்டுகள் எவை என்று முகம் தெரியாத ஆட்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். வேகம் என்கிறான் ஒருவன், கால் வேலை என்கிறான் இன்னொருவன். எங்கள் மண்டையோடும் அந்தச் சண்டையில் இருக்கிறது. பாட்டைக் கேட்காமலே அடிப்பதைப் பற்றி அங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் அதை ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். பாடுகிறவன் என்ன கத்தினாலும் எனக்கு ஏழெட்டு ஐம்பத்தாறு என்றுதான் கேட்கிறது.

நேற்று அங்கே போயிருந்தபோது அண்ணன் வேலை முடிந்து வந்தான். உள்ளே நுழையும் முன் நின்று, கதவடியில் கிடக்கும் அந்த நீல ஒட்டுக் கட்டையைக் காலால் தட்டினான். மண்டையோட்டுப் பாட்டின் தொடக்கம் அது. தினமும் இப்படித்தான் தட்டுகிறானாம், இத்தனை வருஷமாக. நான் மதினியைப் பார்த்தேன். அவள் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்து நின்றது.

"தப்பு," என்றாள். "சரி, உள்ள வாங்க."