சிவப்புப் பூசாத தோட்டாக்கள்

எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டும் மெர்ல் ஓஸ்டரைப் போலக் கவலைப்படுகிற மனிதரை மொண்டானா முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்புவார். பார்த்துவிட்டுக் கிளம்பி, பார்த்ததில் நம்பிக்கை வராமல் மறுபடியும் திரும்புவார். என் கணவர் ராய்ஸின் அக்கா அயோனைக் கட்டியவர் என்பதால் எனக்கு அண்ணன் முறை. அந்த உரிமையில் அவரை நான் கேலி செய்யாத நாளே இல்லை.

பனி உருகத் தொடங்கியதுமே அவருக்கு இலையுதிர்கால வேட்டையைப் பற்றிய கவலை வந்துவிடும். அவர் வைத்திருப்பது பெரிய வாய் கொண்ட ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. ஒன்று சுட்டால் திறந்து, காலிப் பித்தளைக் குப்பியை எடுத்துப் போட்டு, கையால் இன்னொன்றைச் செருக வேண்டும். அதற்குள் எல்க் மான் அடுத்த மலைக்குப் போயிருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு பெண் எல்க்கின் காலில் சுட்டுவிட்டு, ரத்தத் தடத்தைப் பனி மூடும்வரை காட்டுக்குள் தேடியிருக்கிறார். அது கிடைக்கவே இல்லை. எங்கேயோ கிடந்து மெல்ல மெல்லச் செத்திருக்கும் என்கிற நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை. அதனால் போடுகிற அந்த ஒரு தோட்டா சரியாக இருந்தாக வேண்டும் அவருக்கு.

அந்த வருடம் கண்ணும் மக்கர் செய்தது. துப்பாக்கியில் குறி பார்க்கிற பின்பக்கத்து வெட்டு, குழல் நுனியின் குறிமணி, தூரத்து மான் என மூன்றையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. துப்பாக்கி மேல் தொலைநோக்கியை மாட்டினார். பனியில் கண்ணாடி மங்கும் என்று கழற்றினார். மறுபடி மாட்டினார். தோட்டாவையும் வீட்டில் அவரே அடைப்பார், அதிலும் இதே கூத்துதான். கனமான ஈயக்குண்டுக்குக் குறைவாக வெடிமருந்து போட்டால் ஆடி அசைந்து போய்ப் பாதி வழியில் தாழ்ந்துவிடும். தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் நெஞ்சில் பட வேண்டியது காலில் படும். அதிக மருந்து போட்டால் நேராகப் போகும், ஆனால் தோளைப் பெயர்த்துவிடும். கோடை முழுவதும் ஊருக்கு வெளியே ஜல்லிக் குழியில் அட்டைப் பெட்டிகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் தன்னைக் கட்டிக்கொள்ளக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை என்று அயோன் அண்ணி என்னிடம் புலம்பினாள்.

ராய்ஸின் துப்பாக்கியும் ஒற்றைத் தோட்டாதான். ஆனால் அது பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. எங்கள் பள்ளத்தாக்குக்கு ரயில் வருவதற்கு முன்பே செய்தது. மெர்லுடையது புது எஃகு, என்ன மருந்து போட்டாலும் தாங்கும். ராய்ஸுடையதில் அதைப் போட்டால் தோட்டா போடுகிற மூடியின் கீல் பிய்ந்து, சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். இதில் ஆபத்தான சங்கதி என்னவென்றால், இரண்டுக்கும் ஒரே அளவுத் தோட்டா. இதற்குள் போவது அதற்குள்ளும் போகும்.

எங்கள் பக்கத்தில் வீட்டில் ஒருவருக்குத் தோட்டா அடைக்கத் தெரிந்தால் யாரும் கடையில் வாங்க மாட்டோம். காலிக் குப்பிகளைக் கொடுத்து, கூடவே காட்டில் பறித்த ஹக்கிள்பெர்ரிப் பழ ஜாம் ஒரு பாட்டிலும் கொடுத்தால், நிரப்பிய பெட்டி திரும்பி வரும். அப்படி ராய்ஸுக்கு அடைத்துக் கொடுப்பது மெர்ல் அண்ணன்தான். தன்னுடைய அதிக மருந்துத் தோட்டாக்களின் அடியில் அண்ணியின் சிவப்பு நெயில் பாலிஷைத் தடவி வைப்பார். சிவப்பு மெர்லுக்கு, வெறும் பித்தளை ராய்ஸுக்கு. இது எங்கள் இரண்டு வீட்டுக்கும் மனப்பாடம்.

ராய்ஸின் துப்பாக்கிக்குப் புதுக் குறியும் அவர்தான் வைத்துக் கொடுத்தார். பின்பக்கம் சின்னத் துளை போட்ட ஒரு வட்டத் தகடு. அதன் வழியாகப் பார்த்தால் வயதான கண்ணுக்கும் குறிமணி பளிச்சென்று தெரியும். சாவித் துவாரம் வழியாகப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று ராய்ஸ் கிண்டலடித்தார். ஆனால் அதற்கப்புறம் ஜல்லிக் குழியில் ஒரு குண்டுகூட அட்டையைத் தவறவில்லை.

வேட்டைக் காலம் தொடங்கியதும் மெர்ல் அண்ணன் ஒருவழியாகத் தனக்கு அதிக மருந்துதான் என்று முடிவெடுத்துத் தோட்டாக்களை அடைத்தார். நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தால் காய்ந்து கிடந்தது. சனிக்கிழமை பியூட் நகருக்குப் போகும்போது வாங்கி வருவதாக அண்ணி சொன்னாள். அதுவரை இருக்கட்டும் என்று கையில் கிடைத்த ஒரு பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்தார். அது ராய்ஸின் பெட்டி. ராய்ஸுக்கு அடைத்தவை எண்ணெய் துடைக்க வேண்டும் என்று கீழே மேசையில் துணி மூடிக் கிடந்தன. அடுப்பைப் பார்க்க ஆயிரம் தடவை திரும்புகிற மனிதர் இதை மட்டும் எப்படிச் செய்தார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

வியாழக்கிழமை காலையில் அவர் பிள்ளைகளை ஏற்றப் பேருந்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார். ராய்ஸ் தன் தோட்டாப் பெட்டியை வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனார். அண்ணி முடி சுருட்டும் உருளைகளைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். அலமாரியில் இருக்கும், எடுத்துக்கொள் என்றாள். எடுத்துக்கொண்டு, வழக்கம்போலப் பழைய சுரங்கத்துக்கு மேலே காடு எரிந்த சரிவுக்குப் போய்விட்டார்.

மெர்ல் அண்ணன் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பேருந்தை வாசலில் நிறுத்தி, காபிக்கு உள்ளே வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டே அலமாரியை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனார்.

"அயோன், இங்க இருந்த பெட்டி எங்க?"

"ராய்ஸ் வந்து எடுத்துட்டுப் போனான். அவனோடதுதானே?"

 கோப்பையை அடுப்பங்கரைத் தொட்டியில் வைக்கப் போய், தரையில் போட்டுவிட்டார் என்று அண்ணி பிறகு சொன்னாள். மலையில் போன் எடுக்காது. அவருடைய வண்டி பனிக்குள் புதைந்து கிடந்தது. பேருந்தின் எஞ்சின் மட்டும் இன்னும் சூடாக இருந்தது. மேசையில் கிடந்த ராய்ஸின் தோட்டாக்களைத் துணியோடு அள்ளிக்கொண்டு அதில் ஏறினார்.

மரம் ஏற்றும் லாரிகளே தயங்கித் தயங்கி ஏறுகிற பாதை அது. மஞ்சள் பேருந்து வழுக்கி வழுக்கி ஏறுவதைப் பார்த்த பண்ணைக்காரர் ஒருவர், மெர்லுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பள்ளிக்குப் போன் போட்டார். மெர்ல் சுரங்கம்வரை ஹாரனை அடித்துக்கொண்டே போனார். அடித்து என்ன பயன்? மர அறுவை மில்லில் வேலை பார்த்தே ராய்ஸின் காது போய்விட்டது. காதுக் கருவியில் காற்று ஊளையிடுகிறது என்று வேட்டையின்போது அதைக் கழற்றி வண்டியில் வைத்துவிடுவார்.

பேருந்தை விட்டு இறங்கிச் சரிவில் ஏற ஆரம்பித்தபோது வெடிச் சத்தம் கேட்டது. ராய்ஸின் தோட்டா 'தொம்' என்று கனமாக வெடிக்கும். இது படீரென்று காதைக் கிழித்தது. தன்னுடைய தோட்டாதான் என்று மெர்லுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் எப்படி ஏறினேன் என்றே நினைவில்லை என்றார். ராய்ஸின் முகம் எப்படி ஆகியிருக்கும் என்பதை மட்டும் மனதுக்குள் விதவிதமாகப் பார்த்துக்கொண்டே ஏறியிருக்கிறார்.

துப்பாக்கி அந்த ஒரு தடவை தாங்கிவிட்டது. ஆனால் குறி வைத்திருந்தது குறைவான மருந்துக்கு. அதனால் குண்டு எங்கேயோ போய் எல்க்கின் பின்னிடுப்பில் பட்டிருந்தது. ஆண் எல்க், பெரிய கொம்பு. முன்னங்காலை ஊன்றி எழப் பார்ப்பதும் சரிவதுமாக இருந்தது. அதற்கு மேலே, சரிவில் விழுந்துகிடந்த ஒரு மரத்தின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து ராய்ஸ் மண்டியிட்டிருந்தார். காலிக் குப்பி உள்ளே சிக்கிக்கொண்டதால் கத்தியால் நெம்பி எடுக்க வேண்டியிருந்ததாம். குளிரில் இறுகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். அந்தச் சிக்கல்தான் மெர்லுக்கு ஏறி வர நேரம் கொடுத்தது. மெர்ல் மான் கிடந்த பக்கம் வந்து சேர்ந்தபோது, ராய்ஸ் அடுத்த தோட்டாவைச் செருகி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைத் துளையில் வைத்துவிட்டார்.

மெர்ல் தொண்டை கிழியக் கத்தினார். இரண்டு கையையும் ஆட்டினார். அந்தத் துளைக்குள் மானைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதை வைத்துக் கொடுத்தவர் அவர்தானே, அவருக்குத் தெரியாதா?

காலித் துப்பாக்கியின் வாய்கூட யார் பக்கமும் திரும்பக் கூடாது என்று எங்கள் எல்லோரையும் வதைக்கிற மனிதர் அவர். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுகிற ஆரஞ்சுச் சட்டை போடாமல் கொல்லைப்புறத்துக்குக்கூடப் போக மாட்டார். அன்றைக்குப் பேருந்து ஓட்டும் பழுப்பு ஜாக்கெட்டோடு, பழுப்பு மானுக்கு முன்னால் போய் நின்றார்.

துளைக்குள் பழுப்பின் மேல் பழுப்பாக என்னவோ நகர்ந்தது என்றார் ராய்ஸ். மான் எழுந்துவிட்டது என்று விசையில் விரலை இறுக்கப் போயிருக்கிறார். அப்புறம் மீசை தெரிந்ததாம். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுப் பனியில் வாந்தி எடுத்திருக்கிறார். பிறகு ஓடி வந்து மெர்லின் சட்டையைப் பிடித்திருக்கிறார்.

"உனக்கு என்ன பைத்தியமா மச்சான்? உன்னைக் கொன்னுருப்பேன்டா!"

மெர்ல் மூச்சு வாங்க, சட்டையைப் பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு மேலே போனார். கீழே கிடந்த துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். கீலை ராய்ஸின் கண்ணருகே தூக்கிக் காட்டினார். மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல், கீலின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடியிருந்தது. ராய்ஸ் சட்டையை விட்டுவிட்டார். அதற்குள் எல்க் தலையைச் சாய்த்துவிட்டது. மெர்ல் அதன் பக்கத்தில் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாராம்.

பள்ளிப் பேருந்தை மலைக்கு ஓட்டியதற்காக அவரைக் கொஞ்ச நாள் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மதுக்கடையில் எல்க்குக்கும் பள்ளிக்கூடமா என்று கேட்டுச் சிரித்தார்கள். என் கணவரும் கூடவே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டுவிட்டுத்தான் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் கறி வெட்டினோம். மெர்ல் அண்ணன் எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரித்துக்கொடுக்க, நான் வெள்ளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். பெட்டியை மாற்றி வைத்ததற்கு அவரை நன்றாகத் திட்ட வேண்டும் என்று நாலு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்தபோது வேறுதான் வந்தது.

"அண்ணே, அவர் விசையை அழுத்தியிருந்தா?"

"அதை நெனச்சுத்தான் தங்கச்சி எனக்குத் தூக்கமே இல்ல. ரெண்டாவது குண்டை அந்தக் கீல் தாங்கியிருக்காது. கண்ணு ரெண்டும் போயிருக்கும் அவனுக்கு."

"நான் உங்களைப் பத்திக் கேட்டேண்ணே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கும் புரிந்தது, அந்தக் குண்டு தன்மேல் பாய்ந்திருக்கும் என்பதை அந்த மனிதர் அந்த நிமிடம்வரை நினைத்தே பார்க்கவில்லை என்று.

வெட்டிக்கொண்டிருந்த கறியை அப்படியே விட்டார். கத்தியை வாங்கித் தூர வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே அண்ணி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவர் அண்ணியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.