ஜீப்புக்குப் பின்னால் வந்த வீடு

பக்கத்து ஃபிளாட்டில் சமையலறைக்கு மரவேலை நடக்கிறது. நேற்றிலிருந்து வார்னிஷ் அடிக்கிறார்கள். மாடிப்படி முழுக்க அந்த நெடி. தலைவலி என்று மேல்மாடிக்காரர்கள் சண்டைக்கே போய்விட்டார்களாம். நானோ வாசற்கதவை அகலத் திறந்துபோட்டு, நாற்காலியை நேர் எதிரே இழுத்துப்போட்டு, பீன்ஸ் நறுக்குகிற சாக்கில் மூக்கு நிறைய இழுத்துக்கொண்டிருக்கிறேன். என் பெண் போன் செய்தபோது சொன்னேன். "உனக்கு என்னமோ ஆயிடுத்தும்மா" என்றாள்.

எனக்கு வார்னிஷ் என்றால் மந்தைவெளி வீட்டின் பக்கவாட்டுச் சந்து. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டுக்குத்தான் கல்யாணமாகிப் போனேன். பிறந்தகம் அசோக் நகர். அங்கே அப்போது தெருக்கள் கோடு போட்டது மாதிரி இருக்கும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் வேண்டியமட்டும் காலி மனை. மந்தைவெளியிலோ, தும்மினால் நாலு பக்கத்திலிருந்தும் "நூறாயுசு" என்பார்கள். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். நாத்தனார்கள், அவர்கள் குழந்தைகள், கோர்ட் வேலையாக வந்து தங்கியவர்கள், கச்சேரி கேட்க வந்து தங்கியவர்கள். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு என்று தனி அறை ஒன்று கொடுத்தார்கள். வீட்டின் அரிசி மூட்டைகளும் அதே அறையில்தான் இருந்தன. அதனால் கதவைத் தாழ் போடக் கூடாது.

இவருக்குத் தரமணியில் ஒரு தொழிற்கல்லூரியில் ஆசிரியர் வேலை. பெயர் ரகு. பெண் பார்க்க வந்தபோது வேலையைச் சொன்னார்கள், சம்பளத்தைச் சொன்னார்கள், ஜாதகத்தைக் கொடுத்தார்கள். படகு இருக்கிற விஷயத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் கொல்லைப்புறத்தில் பல் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறேன், கொட்டகை உத்தரத்திலிருந்து பிரம்மாண்டமான வாழைப்பூ ஒன்று தொங்குகிறது. கல்லூரி நாளில் கடற்படை என்.சி.சி.யில் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டவர், பிளைவுட்டில் தானே செய்த படகாம் அது. இரண்டு பேர் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இவரும் எத்திராஜும் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அடையாற்றுக்கு நடந்தே போவார்கள். தெருவில் பார்க்கிறவர்களுக்கு, நாலு கால் முளைத்த படகு ஒன்று தானாகப் போகிற மாதிரி இருக்கும்.

எத்திராஜ் யார் என்று சொல்ல வேண்டும். இவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ராயப்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ராணுவம் ஏலம் விட்ட பழைய ஜீப் ஒன்றும் வைத்திருந்தார். இவர் அவருக்கு மச்சி. அந்தக் கணக்கில் நான் தங்கச்சி. ஆற்றில் படகு விடுவதில் அவ்வளவு ஆசையுள்ள அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. "தண்ணி மேல போறதுக்கு இன்னாத்துக்கு நீச்சலு? தண்ணிக்குள்ள போறவனுக்குத்தான் அது" என்பார்.

அடையாற்று முகத்துவாரம் அலுத்துவிட்டது, கோவளம் உப்பங்கழிக்குப் போக வேண்டும், ஜீப்புக்குப் பின்னால் ஒரு வண்டி கட்டி, மேலே படகு, உள்ளே படுக்கை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். பேச்சோடு சரி. ஆம்பிளைகள் பேச்சுத்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் எனக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை பிறந்து, பிறக்கும்போதே உயிரில்லாமல் போயிற்று.

அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் ஒரு முறை இருந்தது. தாய்க்குக் காட்ட மாட்டார்கள். ஆணா பெண்ணா என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கிற தெம்பு எனக்கும் இல்லை. வீட்டுக்கு வந்தபிறகு அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல எல்லாரும் இருந்தார்கள். வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மட்டும் நின்றபாடில்லை. கூடத்தில் படுத்திருப்பேன். ஒவ்வொருத்தராக வந்து, காப்பி குடித்துவிட்டு, "போறது, சின்ன வயசுதானே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் பேசுவதையே விட்டுவிட்டேன். இவரும் பேசவில்லை. மொட்டை மாடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை, சந்திலிருந்து ரம்பம் இழுக்கிற சத்தம் கேட்டது.

என் மாமியாருக்கு வந்த கோபம் இப்போதும் காதில் இருக்கிறது. "பொண்ணு படுத்துண்டிருக்கா, நீ இங்க தட்டிண்டிருக்கியா? மனுஷனாடா நீ?" இவர் ரம்பத்தை விடவில்லை. வேலைக்குப் போகும்முன் அறுப்பார்; வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அறுப்பார். எத்திராஜ் தன் பட்டறையில் அந்தக் கோவளம் வண்டிக்கு இரும்புச் சட்டம் அடித்துக் கொண்டுவந்தார். புதுப்பேட்டை காயலாங்கடையில் யாரோ உடைத்துப்போட்ட காரின் அச்சும் சக்கரமும் கிடைத்தன. பஸ் ஜன்னல் ஒன்றும் கிடைத்தது, "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" என்ற எழுத்தோடு. அதை அப்படியே பதித்துவிட்டார்கள். கண்டக்டர் ஒருவர் கூடவே வருகிற மாதிரி ஒரு தைரியம்.

பிளைவுட்டை ஒட்ட வஜ்ரம் காய்ச்சினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வஜ்ரம் தெரியாது. தச்சர்களின் பசை; மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. மயிலாப்பூர் பக்கத்து ஆசாரமான வீட்டில் அதைக் கொதிக்க வைத்தால் என்ன ஆகும்?

"ரகு, இது என்னடா நாத்தம்?"

"அது ஒண்ணியும் இல்ல மாமி, மரத்துப் பிசினு" என்றார் எத்திராஜ், கண்ணைச் சிமிட்டாமல்.

மாமியார் நம்பவில்லை. வேலை முடிகிறவரை தினமும் சந்து முழுக்கச் சாம்பிராணி போட்டார். வஜ்ரம், வார்னிஷ், சாம்பிராணி மூன்றும் கலந்த ஒரு வாசனையில்தான் நான் முதன்முதலாக எழுந்து உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்புறம் சந்துக்கே போய், கல்லின் மேல் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். இவர் ஒரு நாள் உப்புக்காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தேய் என்றுகூடச் சொல்லவில்லை. நான் தேய்த்தேன்.

பாதி வேலையில்தான் எத்திராஜ் அந்தக் கேள்வியைக் கேட்டார். "மச்சி, இன்னாடா இது, தேரு கணக்கா கீது? சந்துலேர்ந்து எப்டி வெளிய இஸ்துகினு போவ?"

சந்து அகலம்தான். ஆனால் வாசல் பக்கம் போகிற வழியில் துளசி மாடம் இருந்தது. கணக்கு வாத்தியார் மாதிரி எல்லாவற்றையும் அளந்த இவர் அதை மட்டும் அளக்கவில்லை. கொஞ்சம் நகர்த்தலாமா என்று அம்மாவிடம் கேட்டார்.

"துளசியை நகத்தறதாவது! உன் வண்டியை இளைக்கச் சொல்லு."

வண்டி இளைத்தது. பிரித்து, ஒரு முழம் குறைத்து, மறுபடி பூட்டினார்கள். உள்ளே இரண்டு பேர் விலகிப் படுக்க இடமில்லாமல் போயிற்று. யோசித்துப் பார்த்தால், என் மாமியார் எனக்குச் செய்த முதல் உபகாரம் அதுதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். தெரு முனையில் குழந்தைகள் ஐஸ் வண்டி என்று நினைத்துத் துரத்தினார்கள். அடையாறு பாலத்தருகே போலீஸ்காரர் நிறுத்தினார்.

"இன்னாய்யா இது, சர்க்கஸா?"

"வூடு சார்" என்றார் எத்திராஜ்.

"வூடா? வாடகைக்கு வுடுவியா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

தரமணி பக்கம் அப்போது பொட்டல். மகாபலிபுரம் ரோட்டில் எதிரே ஒரு லாரி வந்தால் அது ஒரு செய்தி. கேளம்பாக்கத்தில் உப்பளங்களைத் தாண்டி இடப்பக்கம் திரும்பி, உப்பங்கழிக் கரையில் ஒரு சவுக்குத் தோப்பில் எங்களை இறக்கிவிட்டு, "நாளைக்கு சாயங்காலம் வரேன் தங்கச்சி, மச்சிய பத்திரமா பாத்துக்கோ" என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு எத்திராஜ் போய்விட்டார். சத்தம் தேய்ந்து போனதும் அப்படி ஒரு அமைதி. கல்யாணமாகி முதல்முறையாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மறுநாள் விடிந்ததும் படகில் ஏறினோம். நான் முன்னால், இவர் பின்னால். தண்ணீர் கண்ணாடி மாதிரி. நடுவில் போனதும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, ஓவென்று அழுதேன். அத்தனை மாதமும் கூடத்தில், கேட்க ஆள் இருந்ததாலேயே அழாமல் இருந்த அழுகை. இவர் துடுப்பை மடிமேல் வைத்துக்கொண்டு படகைத் தன் போக்கில் விட்டுவிட்டார். துடுப்பிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம். பின்னால் அவரும் அழுதுகொண்டிருந்தார் என்பது படகு லேசாக ஆடியதில் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. படகு மணல் திட்டில் போய் முட்டி நின்றது.

"பசிக்கறதா?" என்று கேட்டார்.

பசித்தது. வண்டியின் பின்பக்கக் கதவை மேலே தூக்கினால் அதுதான் சமையலறை. காற்றில் ஸ்டவ் அணைந்து அணைந்து, ரவை பாதி வெந்த உப்புமா. நான் சாப்பிட்ட உப்புமாக்களிலேயே மோசமானது. இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு முடிந்தபோதெல்லாம் போனோம். வஜ்ரத்துக்கு ஈரம் ஆகாது என்பதை உப்புக்காற்று சீக்கிரமே சொல்லிக்கொடுத்தது. மூலைகள் வாயைப் பிளந்தன. எத்திராஜ் தகரப் பட்டை அடித்து போல்ட் போட்டார். வண்டிக்குப் பல்லுக்குக் கிளிப் போட்ட மாதிரி ஒரு முகம் வந்துவிட்டது. நான் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டேன். கறுத்துப்போய், கையெல்லாம் காய்ப்புக் காய்த்து, சிரித்துக்கொண்டு வீடு திரும்புவேன். மாமியார் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்ப்பார். ஒரு நாள் சொன்னார்: "நானும் வரேன். அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்."

ஒன்பது கஜத்தில், தன் தண்ணீர் தன் சாப்பாடு தன் மணைப்பலகை சகிதம் ஜீப்பின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அன்றைக்கு எத்திராஜும் எங்களோடு தங்கினார். காலை முழுக்க மாமியார் சவுக்கு நிழலில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். அப்புறம் எழுந்து, யாரையும் பார்க்காமல், "ஏறலாமா?" என்றார்.

இவர் பின்னால் உட்கார, அவர் முன்னால். துடுப்பைத் தொட வேண்டாம் என்று இவர் சொன்னது காதில் விழாத மாதிரி எடுத்துக்கொண்டார். கீரை மசிக்கிற மாதிரி ஒரு பக்கமாகவே போட்டதில் படகு வட்டமடித்தது. கரையிலிருந்து எத்திராஜ் கத்தினார்: "மாமி, எழுந்துக்காத! ஒக்காரு!" ஏனென்றால் அப்போதுதான் பக்கத்தில் ஒரு மடவை துள்ளியது, மாமியார், "ரகு, மீன்டா!" என்று எழுந்து நின்றுவிட்டார்.

கவிழ்ந்தது. இடுப்பளவு தண்ணீர்தான். ஆனாலும் எனக்கு உயிரே போய்விட்டது. ஓடினேன். மாமியார் ஈரத் தலையோடு எழுந்து நின்றார். மூக்குக்கண்ணாடி காணோம். முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவர் பல் தெரிய நான் பார்த்ததே அன்றுதான்.

கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது. கையைப் பிடித்து வண்டிக்குக் கூட்டிவந்தேன். என் நூல் புடவை ஒன்றைக் கட்டிவிட்டேன். "ஆறு கஜம் கட்டிண்டு எவ்வளவு வருஷமாச்சு" என்று கூச்சப்பட்டார். நடுங்கினார். படுத்துக்கொள்ளச் சொல்லி, போர்த்திவிட்டு, பக்கத்தில் நானும் ஒண்டிக்கொண்டேன். வேறு இடமில்லையே. வெளியே ஆண்கள் இரண்டு பேரும் காலால் சேற்றைத் துழாவிக் கண்ணாடி தேடுகிற சத்தம். பஸ் ஜன்னல் வழியாக மத்தியான வெயில்.

கொஞ்ச நேரம் கழித்துக் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்தக் கொழந்தைக்கு நான் ஒரு பேர் வெச்சிருந்தேன்டி."

அவர் பக்கம் திரும்பினேன். "என்ன பேர்ம்மா?"

சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைக் கேட்டபோதுதான் எனக்குப் பிறந்தது பெண் என்று தெரிந்தது.

"நான்தான் கையில வாங்கிண்டேன். மூக்கு அப்படியே உன்னோடது. தலை நிறைய மயிர். சொன்னா நீ தாங்க மாட்டேன்னா எல்லாரும். நானும் வாயை மூடிண்டுட்டேன்."

இன்னும் சொல்லுங்கள் என்றேன். விரல், நகம், காது என்று ஒன்றொன்றாகச் சொன்னார். நான் கேட்கக் கேட்க, மறுபடி மறுபடி சொன்னார். வெயில் ஜன்னலை விட்டுப் போகும்வரை அந்த ஒடுங்கின படுக்கையில் தோளோடு தோள் ஒட்டிக் கிடந்தோம். மாமியார், மருமகள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் வருவது அந்தப் படுக்கைதான், சண்டைகள் அல்ல. அவற்றுக்கும் அதன்பிறகு குறைவில்லை.

கண்ணாடி கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர், "எங்களுக்குக் கோவளத்துல ஒரு ஆம் இருக்கு" என்று சொந்த வீட்டைச் சொல்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தார். பிறகு இப்போது போன் செய்தாளே, அந்தப் பெண் பிறந்தாள். அவளும் அந்த வண்டியில் தூங்கியிருக்கிறாள். அவளுக்கு ஞாபகமில்லை.

மாமியார் போய், மந்தைவெளி வீட்டைப் பாகம் பிரித்து, சந்து இருந்த இடத்தையும் சேர்த்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். வண்டியை எத்திராஜ் பட்டறைக்கு இழுத்துப்போனார். மத்தியானத்தில் கால் நீட்டிப் படுக்க வைத்துக்கொண்டார். பட்டறை போனபோது அதுவும் போயிற்று. எத்திராஜும் போனார். இவர் போய் மூன்று வருஷமாகிறது.

போன மாதம் ஏதோ கல்யாணத்துக்குக் கோவளம் பக்கம் போக நேர்ந்தது. டிரைவரிடம் உத்தேசமாக அந்த இடத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். சவுக்கு ஒன்றுகூட இல்லை. உயரமான மதில், உள்ளே வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். தண்ணீர் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். காற்றில் உப்பு தெரிந்தது. கேட் அருகே நின்று எட்டிப் பார்த்தேன். காவலாளி மரியாதையாகத்தான் வந்தார்.

"யார் வூட்டுக்கும்மா?"

யோசித்தேன். "எங்க வீட்டுக்குத்தான்" என்று வாய்வரை வந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டேன்.