மடிப்புடவையும் நின்றுபோன காரும்

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தைய வருஷம், ஐப்பசி மாதத்து அடைமழையில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். எனக்கு முதல் பிரசவம். காலையில் வந்து பார்த்த மருத்துவச்சி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, இனி வீட்டில் வைத்துப் பார்ப்பது ஆபத்து என்று கையை விரித்துவிட்டாள். உடனே திருச்சி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். பக்கத்து வீட்டு வக்கீல் தன் காரைக் கொடுத்து உதவினார். பழைய வண்டி, மேலே கான்வாஸ் கூரை. ஓட்டியவர் பாலக்கரையிலிருந்து வேலைக்கு வரும் ஒரு சாயபு.

என்னோடு கணவரும் மாமியாரும் ஏறிக்கொண்டார்கள். மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மடி என்றால் அப்படி ஒரு மடி! யார் கையும் படாமல் உயரக் கொடியில் உலர்ந்த புடவையைக் குளித்துவிட்டுக் கட்டிக்கொண்டால்தான் அடுப்படிக்குள் போவார். அதுவரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. கொடிப் பக்கம் நான் போய்விட்டால் வீடு இரண்டுபடும். நான் வலியில் துடித்துக்கொண்டிருந்த அந்த வேளையிலும், ஆஸ்பத்திரியில் குளித்துவிட்டுக் கட்டிக்கொள்ள ஒரு புடவையைக் கொம்பால் எடுத்து, பெரிய பித்தளைத் தூக்கில் போட்டு மூடிக் கொண்டுவந்தார். 'இந்த நேரத்திலுமா மடி!' என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா மண்டபத்தருகே தேங்கியிருந்த தண்ணீரில் கார் இறங்கி ஏறியது. காவிரிப் பாலத்தின் நடுவே வந்ததும் முனகி, இருமி, நின்றேவிட்டது. கீழே காவிரி கரை புரண்டு ஓடுகிறது. முன்னாலும் பின்னாலும் ஒரு ஜட்காகூடக் கண்ணில் படவில்லை. என் கதை அங்கேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சாயபு பதறவில்லை. பானெட்டைத் திறந்து, பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. பிளக்கிலிருந்து ஓர் ஒயரைக் கழற்றி, அதன் நுனியை இரும்புக்குக் கிட்டே பிடிக்கும்படி என் கணவரிடம் கொடுத்துவிட்டு, முன்னால் போய் ஹாண்டிலைச் சுற்றினார். பொறி வரவில்லை. உடனே ஒயர்களெல்லாம் வந்து சேரும் கறுப்பு மூடியைக் கழற்றினார். உள்ளே முத்து முத்தாக ஈரம்.

"கரண்டெல்லாம் இந்த ஈரத்துலயே போயிடுதுங்க. காஞ்ச துணி கொஞ்சம் கிடைச்சா போதும், வண்டி கிளம்பிடும்" என்றார்.

காய்ந்த துணிக்கு எங்கே போவது? அவர் தலைப்பாகை, என் கணவரின் வேஷ்டி, ஒழுகும் கூரைக்கடியில் என் புடவை எல்லாமே தொப்பலாக நனைந்திருந்தன. தலைப்பாகையைப் பிழிந்து துடைத்துப் பார்த்தார். ஈரம் இடம் மாறியதே தவிரப் போகவில்லை. எனக்கு வலி மேலும் மேலும் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது பக்கத்தில் தூக்கு திறக்கும் சத்தம் கேட்டது. மாமியார் அந்தப் புடவையைக் கையால் எடுத்து இடுக்கிக்கொண்டு, குடையை விரித்துக் கீழே இறங்கினார்.

சாயபு எங்கள் வழக்கங்களை அறிந்தவர். சட்டென்று பின்னால் நகர்ந்து, "அம்மா, இது உங்க மடித்துணியாச்சுங்களே! கீழே வச்சிடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றார்.

"கீழெல்லாம் ஈரம். கையிலேயே வாங்கிக்கோப்பா."

அவர் வாங்கித் துடைத்தார். துடைத்து முடிக்கும்வரை மாமியார் அவர் தோளை உரசி நின்று, எஞ்சினுக்குக் குடை பிடித்தார். மூடியை மாட்டிவிட்டு சாயபு மறுபடி ஹாண்டிலைச் சுற்ற, ஒயரைப் பிடித்திருந்த என் கணவர் "ஐயோ!" என்று துள்ளிக் குதித்தார்.

"ஷாக் அடிச்சிச்சுங்களா? அப்ப வண்டி நல்லாயிடுச்சுங்க!" என்று சாயபு சிரிக்க, அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒயரை மாட்டியதும் கார் கிளம்பியது.

இன்னும் சற்று தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்றார் டாக்டரம்மா. பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் வீட்டிலிருந்து வேறு மடிப்புடவை வந்து சேரும்வரை மாமியார் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார் என்பதை என் கணவர் பிறகுதான் சொன்னார். கேட்டதும் அழுதுவிட்டேன்.

இதனால் மாமியார் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதே கொடி, அதே கொம்பு, எனக்கு அதே அதட்டல். ஆனால் குழந்தைக்குத் தூளி கட்டும் நாளில் அவர் எடுத்து வந்தது அந்தப் புடவையைத்தான். எத்தனை துவைத்தும் கரியும் எண்ணெயும் போகவில்லை.

"கறையா இருக்கே அம்மா, வேறே புடவை கட்டலாமே" என்றேன்.

"இருக்கட்டும், மெத்துன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு முடிச்சை இறுக்கினார்.

என் மூன்று பிள்ளைகளும் அந்தத் தூளியில்தான் தூங்கினார்கள். ஆட்டும்போதெல்லாம் அந்தக் கறுப்புக் கறை என் கண்ணெதிரே போய்ப் போய் வரும். உயிரைவிடப் பெரிதாகக் காத்துவந்ததை எங்கள் இரண்டு உயிருக்காக ஒரு கணமும் தயங்காமல் கொடுத்தவரை நினைத்து இன்றைக்கும் என் கை தானாகக் குவிகிறது.