சொட்டிஷ்

பிள்ளைகளுக்கு விளங்கக்கூடாத விஷயங்களை அப்பா ஆங்கிலத்தில்தான் சொல்வார். நாங்கள் கார்ட்டூன் பார்த்தே அவருடைய ஆங்கிலத்தைப் பிடித்துவிட்டோம் என்று தெரிந்ததும், யாழ்ப்பாணத்தில் படித்த காலத்துப் பழைய ஆங்கிலச் சொற்களை வெளியே எடுக்கத் தொடங்கினார். அப்படி வந்ததுதான் 'சொட்டிஷ்'.

அது அம்மாவின் தம்பிக்காக, அதாவது என் மாமாவுக்காக எடுத்த சொல். என் எட்டாவது பிறந்தநாளுக்கு, நோர்வேயில் நாங்கள் இருந்த புருசெத்தில் மண்டபம் எடுத்திருந்தோம். மாமா அடிக்கடி வெளியே போய் வந்தார். ஒவ்வொரு முறையும் இன்னும் சந்தோஷமாக வந்தார். கடைசியில் மைக்கைப் பிடுங்கி எனக்கு வாழ்த்துப் பாடி, கேக் மேசையோடு சேர்ந்து விழுந்தார். எனக்கு அதைவிட நல்ல பிறந்தநாள் அமைந்ததில்லை. அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஆங்கிலத்தில் நீளமாகக் கதைத்தார். என் காதில் நின்றது அந்த ஒரு சொல் மட்டும்.

அதன் பிறகு, சனிக்கிழமைகளில் என்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் மாமா வரவில்லை. அவருக்கு வேலை என்றார் அம்மா. நான் நம்பவில்லை, சொல்லை ஆராயத் தொடங்கினேன். நோர்வேஜிய மொழியில் 'சொட்' என்றால் இனிமையானவர். எதையும் அரைகுறையாகச் சொல்ல எங்கள் வகுப்பில் 'இஷ்' என்று ஒரு வால் ஒட்டுவோம். ஆக, மாமா கொஞ்சம் இனிமையானவர். அப்பா யாரையும் முழுதாகப் புகழமாட்டார் என்பதால் கணக்குச் சரியாகவே வந்தது. பாவம், இது மாமாவுக்குத் தெரியாது போலும் என்று நினைத்தேன்.

குடித்துக் குடித்துப் புத்தி கெட்டவன் என்பதுதான் அதன் அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. இங்கே பஸ் கழுவுகிற மாமா ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர் என்பதும் தெரியாது.

ஒருநாள் ரயில் நிலையத்தில் மாமா நின்றார். அம்மாவைக் கண்டதும் ஒதுங்கப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, அப்பாவுக்கு உங்களிலை கோவமில்லை. நீங்கள் சொட்டிஷ் எண்டு சொன்னவர். வீட்டை வாங்கோ."

மாமா குனிந்து, அந்தச் சொல்லை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அர்த்தம் தெரியுமோ என்று கேட்டார். கொஞ்சம் இனிமையானவர் என்றேன். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. சமாதானம் ஆன சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

"கொஞ்சமில்லைப் பிள்ளை," என்றார் மாமா. "நல்லாத்தான்."

ஒரு மனிதர் தன்னைத் தானே இப்படியா புகழ்ந்துகொள்வார் என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.