பாதைப் பக்கம் திருப்பிய விளக்கு

பத்தாங் காலி ஊருக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்தின் கடைசித் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தொழிற்சாலை பஸ் பெரிய சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து மண்பாதையில் கால் மணி நேர நடை. இரவு ஏழரைக்கும் அவர் தலை தெரியாவிட்டால் வாசலுக்கு ஓடி ஓடிப் பார்ப்பேன். பாம்பு, காட்டுப்பன்றி, போதாததற்கு என் ஒன்பது வயதுக் கற்பனை வேறு.

என் பயம் தாங்காமல் மாமா, அம்மாவின் தம்பி, பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு ஸ்பாட் லைட் வாங்கி வந்து வாசல் தூணில் மாட்டினார். "ஸ்டேடியம் லைட்டுலா இது! ஊசி விழுந்தாலும் தெரியும்" என்று பீற்றிக்கொண்டார். ஆனால் அதைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்தார். வீட்டில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு எதற்கு வெளிச்சம்? நடந்து வருகிறவருக்கல்லவா வேண்டும்? பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல்.

ஒருநாள் மழை. மணி எட்டாகியும் அம்மாவைக் காணோம். மாமா குளித்துக்கொண்டிருந்தார். அழுகையை அடக்கிக்கொண்டு முக்காலியில் ஏறி, விளக்கை நிமிர்த்திப் பாதைப் பக்கம் திருப்பினேன்.

சிறிது நேரத்தில் அம்மா வந்தார். சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது எனக்கு. "அம்மா!" என்று கத்திக் கையை ஆட்டினேன். அவர் கண்களைக் கையால் மறைத்தபடி நின்றார். பிறகு தரையைத் தடவித் தடவிக் கால் வைத்தார். வாசலுக்கு முன்னிருந்த கால்வாயைத் தாண்டப் போட்ட பலகை அவர் முன்னால்தான் கிடந்தது. அதைவிட்டு ஓரடி தள்ளிக் கால் வைத்தார்.

ஐயோ, அந்தச் சத்தம்! கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது.

"இவ்ளோ வெளிச்சத்துல எப்படிக்கா விழுந்த?" என்றார் மாமா.

"செருப்பு வழுக்கிடுச்சுடா."

இப்போது கலும்பாங் சாலையில் கார் ஓட்டும்போது, எதிரே வரும் லோரியின் விளக்கு முகத்தில் அடித்தால் சாலையே காணாமல் போய்விடுகிறது. அம்மாவின் கண்கள் அந்த இருட்டுக்குப் பழகியவை. அந்தப் பலகையைப் பல வருடம் தடுமாறாமல் தாண்டியவர் அவர்.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, மாமா வெளியே போனதும் அம்மா என்னை அருகில் கூப்பிட்டார்.

"வெளக்க நீதான் திருப்புனியா?"

"ஆமாம்மா. ஒனக்கு நல்லாத் தெரியணும்னுதான்."

"நல்லாத் தெரிஞ்சுச்சுடி கண்ணு. மாமாகிட்ட மட்டும் சொல்லிக்காத."

முக்காலியில் ஏறியதற்கு மாமா திட்டுவார் என்றுதான் சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.