துரை பங்களாவில் பவளத்துக்கு நிறம் வந்த கதை

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, எங்கள் எஸ்டேட் பேக்டரி வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடிய காலம். நான் அங்கே எலெக்ட்ரீஷியன். மெஷின் ஓடாத ஒரு நாளில் மேனேஜர் என்னைத் தன் பங்களாவுக்கு வரச் சொன்னார்; துரை பங்களா என்றுதான் நாங்கள் அதைச் சொல்வோம்.

முன்னறையில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் நிரப்பியிருந்தது கடல் தண்ணீர். கோழிக்கோட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரி, திரும்பும்போது கேன்களில் கொண்டுவந்து இறக்கும். கொச்சியில் இருந்த நண்பர் ஒருவர் கொடுத்த பவளங்களை மேனேஜர் அதில் வளர்த்தார். முன்பு ஒயரிங் வேலைக்கு வந்தபோது ஊதாவும் பச்சையுமாக நான் பார்த்தவை, அன்று அவித்த முட்டை மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"செத்துப்போச்சுங்களா சார்?"

"இல்ல தம்பி. நிறம்தான் போயிருக்கு. பக்கத்துல வந்து பாரு."

குனிந்து பார்த்தேன். ரவை அளவுக்குச் சின்னச் சின்ன வாய்கள் திறந்து மூடின. பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, நிறத்தில் பாதி அதனுடையது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பவளம் அதை வெளியே தள்ளிவிடும் என்று அவர் விளக்கினார். சரியான நேரத்தில் கவனித்தால் பாசி திரும்பி வருமாம்.

ஒரு வாரம் பார்த்ததில் எனக்குக் காரணம் பிடிபட்டது. கரண்ட் போகும்போதெல்லாம் மலைக் குளிரில் தண்ணீர் சில்லிட்டுப் போனது. நிறம் வரட்டும் என்று அவர் புதிதாக மாட்டிய பெரிய விளக்கு, மிச்சமிருந்த நிறத்தையும் குடித்துவிட்டது. விளக்கை ஒரு முழம் உயர்த்திக் கட்டினேன். எரியும் நேரத்தைப் பாதியாக்கி, வாராவாரம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒரு ஹீட்டருக்குப் பதில் இரண்டு சின்ன ஹீட்டர்கள் போட்டு, தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மோகோல் ஒட்டினேன். பேக்டரி ஜெனரேட்டரிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்தேன். சனிக்கிழமைதோறும் இருவரும் சேர்ந்து நாலு பக்கெட் தண்ணீர் மாற்றுவோம். பிறகு அவரே டீ போட்டுக் கொடுப்பார். எஸ்டேட்டில் எனக்கு நாற்காலி போட்ட முதல் மேனேஜர் அவர்தான்.

எஸ்டேட் ஆட்கள் குடியிருந்த லயத்தில் அப்போது ஒரே பேச்சு, பேக்டரியை மூடப் போகிறார்கள் என்று. என் மனைவியின் அண்ணனுக்குக் கூடலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலையும் வீடும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மச்சான் என்னிடம் வந்தார்.

"நீ பங்களாவுக்குப் போய் வர்ற ஆளு. உள்ளதச் சொல்லு. இருக்கட்டுமா, போகட்டுமா?"

மேனேஜரிடம் நேராகவே கேட்டேன். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டு ஒரு கல்லை நகர்த்திக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "மூடிட்டுப் போறவன் இந்தத் தொட்டிக்கு இவ்வளவு பாடுபடுவானா தம்பி?"

அந்த வார்த்தையை அப்படியே கொண்டுபோய் லயத்தில் சொன்னேன். மச்சான் காப்பித் தோட்டத்தை விட்டுவிட்டார். இன்னும் நாலு குடும்பங்களும் என் பேச்சை நம்பித் தங்கின.

இடையில் கொச்சி நண்பர் வந்து தொட்டியைப் பார்த்தார். "இப்ப எடுத்தா தாங்காது. கலர் வரட்டும்" என்றார். கொஞ்சம் உடைத்து அவர் வீட்டுத் தொட்டிக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் மாதம் கிளை நுனிகளில் கத்தரிப்பூ நிறம் எட்டிப் பார்த்தது. பிறகு பச்சை வந்தது. மேனேஜர் என் தோளில் தட்டி, "நீ இல்லன்னா இது இல்ல" என்றார். மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். "நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க இப்படிச் சிரிக்கல" என்றாள்.

அடுத்த வாரம் போனபோது வாசலில் வேன் நின்றது. தொட்டி காலி. கொச்சி நண்பர் பவளங்களைத் தண்ணீரோடு பைகளில் கட்டி, தெர்மோகோல் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கொச்சியில வேலை கிடைச்சிருக்கு தம்பி" என்றார் மேனேஜர்.

"பேக்டரி சார்?"

"திங்கக்கிழமை நோட்டீஸ் ஒட்டுவாங்க. அது கம்பெனி முடிவு. என் கையில இல்ல."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

கொஞ்சம் யோசித்தார். அன்றைக்காவது உண்மையைச் சொன்னார். "நீ விளக்க ஏத்திக் கட்டினே பாரு, அந்த வாரம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

கடைசிப் பெட்டி கனமாக இருந்தது. "ஒரு கை பிடி தம்பி" என்றார். என் கை தானாகப் போனது. பெட்டி சாயாமல், பை குலுங்காமல், நானே பிடித்து வேனில் வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மீதே அருவருப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமை பேக்டரி கேட்டில் பூட்டு தொங்கியது. காப்பித் தோட்டத்தில் அதற்குள் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். எனக்கு முன்பே எல்லாம் தெரியும் என்று லயத்தில் சிலர் சொன்னார்கள். மச்சான் கத்தவில்லை.

"நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லல. நீ அவர நம்பினே, நான் உன்ன நம்பினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறினார்.

நாங்கள் ஊட்டியில் காந்தல் பகுதிக்குக் குடிவந்தோம். மோட்டார் ரிப்பேர் கடை வைத்தேன். ஒரு மழைக்காலம் கழிந்து, கடையில் இருந்தபோது என் செல்லுக்கு போன் வந்தது. அவர் குரல்தான்.

"தம்பி, கலர் மறுபடியும் வெளுக்குது. என்ன பண்ணலாம்?"

நாங்கள் எங்கே இருக்கிறோம், எப்படி இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொச்சிச் சூட்டில் தண்ணீர் கொதித்திருக்கும், தொட்டிக்கு மேல் ஒரு ஃபேன் வைத்தால் போதும் என்று எனக்குத் தெரிந்தது.

"தெரியலீங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். "சொல்லியிருக்கலாம். அந்தப் பவளம் உங்கள என்ன பண்ணுச்சு?" என்றாள்.

மச்சான் எங்கள் வீட்டுக்கு இதுவரை வந்ததில்லை. தீபாவளிக்கு அவள் மட்டும் திருப்பூர் போய்விட்டு வருகிறாள்.